நூறு எழுதக் கூடாத பலகை

எங்கள் மைதானத்தின் மூலையில் ஒரு பழைய பம்ப் அறை இருக்கிறது. மோட்டாரை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அதற்குள் தாண்டு சட்டங்கள், கயிறுகள், கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை, சுவரில் ஒரு கரும்பலகை. பயிற்சி முடிந்ததும் நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், பலகையில் எங்கள் பெயருக்கு நேரே ஓர் எண் எழுத வேண்டும். எத்தனை நிமிடத்தில் ஓடினோம் என்பதை அல்ல. அன்றைக்கு நம்மிடம் இருந்ததில் நூற்றுக்கு எவ்வளவைக் கொடுத்தோம் என்பதை. எழுதும்போது மாஸ்டர் பார்க்க மாட்டார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் எல்லோரும் போன பிறகு உள்ளே போய்ப் படிப்பார்.

ஒரே ஒரு விதி உண்டு. நூறு எழுதக் கூடாது.

"நூறுன்னா தொட்டி காலின்னு அர்த்தம்," என்பார். "உங்க யார் தொட்டியும் காலி ஆகாது. அடியில எப்பவும் ஒரு சொம்பு கிடக்கும். அதைத் தேடுறதுதான் பயிற்சி."

ஆறு வருடம் அந்தப் பலகையில் நான் எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "ஐயோ, போயிட்டாரா?" என்று கேட்டாள் ஒரு தோழி. இல்லை. நேற்று சாயங்காலம்கூட மைதானத்தில்தான் இருந்தார்.

மாஸ்டருக்கு வேலை பஸ் டிப்போவில், டயர் பிரிவில். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மைதானம், பிறகு டிப்போ, சாயங்காலம் மறுபடி மைதானம். எந்த நேரமும் கையில் ரப்பர் வாசனை அடிக்கும். நகக்கண்ணில் போகாத கறுப்பு. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊத மாட்டார். கடைசிச் சுற்றில் நாக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் பக்கத்தில் கூடவே நாலு எட்டு ஓடி வந்து, காதருகே ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னும் இருக்கா?"

"இருக்கு மாஸ்டர்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சொன்ன பிறகு, எங்கிருந்தோ கொஞ்சம் வரவும் செய்யும். அதுதான் ஆச்சரியம். டிப்போவில் அவருக்கு "இன்னும்" என்றே பட்டப்பெயர். "ஏய், இன்னும் வந்தாச்சா?" "இன்னும் இன்னும் வரலைப்பா" என்று டிரைவர்கள் கத்திச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

அவர் மைதானத்தில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. திறமை. வாய் தவறிச் சொன்னால் ஒரு சுற்று ஓட வேண்டும். யார் சொன்னாலும். ஒருமுறை பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் தன் மகளைச் சேர்க்க வந்தார். வந்தவுடனே, "என் பொண்ணுக்குப் பிறவியிலேயே திறமை இருக்கு சார்," என்றார். மாஸ்டர் தடத்தைக் காட்டி, "ஒரு சுத்து போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்," என்றார். அந்த மனிதர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. வந்தவர் தொப்பையும் செருப்புமாக நானூறு மீட்டரையும் சுற்றி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க, "எம் பொண்ணு சுமாராத்தான் சார் ஓடுவா," என்றார். எங்கள் சிரிப்பு ஒரு வாரம் அடங்கவில்லை.

அந்த வார்த்தை மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று பிறகு தெரிந்தது. அவர் சின்ன வயதில் பெரிய ஓட்டக்காரர். பார்த்தவர்கள் எல்லாம் "இவன் பிறக்கும்போதே ஓடிக்கிட்டுப் பிறந்தவன்" என்று சொல்லிச் சொல்லியே, அவர் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். தூங்கி எழுந்து போய் ஜெயித்துவிட்டு வருவாராம். இருபது வயதில் முதல்முறையாகப் பெரிய போட்டிக்குப் போனார். ஆறாவதாக வந்தார். முன்னால் போன ஐந்து பேரும் தினமும் உழைத்தவர்கள். "தோத்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை," என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். "யாரும் சொல்லித் தரலை. புகழ மட்டும்தான் தெரிஞ்சிருந்தது அவங்களுக்கு." அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

அதனால்தான் எங்களிடம் யார் ஜெயித்தார்கள் என்றே கேட்க மாட்டார். நான் முதல் போட்டியில் கடைசியாக வந்து அழுதுகொண்டு நின்றபோது, "மூணாவது சுத்துல முன்னால போறவளோட ஒட்டிக்கிட்டே போனியே, அது உனக்கா தோணுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல வேலை," என்றார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓடினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயம் இல்லை. எங்களில் பாதிப் பேர் வீட்டில் 'எதற்கும் உதவாதவர்கள்' என்று பெயர் எடுத்தவர்கள். அந்த மைதானத்தில்தான் முதல்முறையாக, முயற்சி செய்தால் அது கணக்கில் வரும் என்று தெரிந்துகொண்டோம்.

நேரத்தையும் அவர் எங்களுக்குச் சொல்ல மாட்டார். நிறுத்துகடிகாரத்தைப் பார்ப்பார், நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் குறிப்பார், நோட்டை டிப்போ லாக்கரில் பூட்டிவிடுவார். "எண்ணைப் பாத்து ஓடினா எண்ணுக்குத்தான் ஓடுவீங்க," என்பார். போட்டிகளில் மட்டும்தான் எங்கள் நேரம் எங்களுக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே மகள். எங்கள் குழுவில்தான் ஓடினாள், என்னைவிட ஒரு வயது பெரியவள். நாங்கள் அவளைக் கடிகாரம் என்று கூப்பிடுவோம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அவளுடைய ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவில் இருக்கும், ஒரு நொடி கூடாது, குறையாது. மழையானாலும் வெயிலானாலும் முதல் ஆளாக வருவாள், கடைசியாகப் போவாள். சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவள்தான். எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். மைதானத்துக்குள் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் எங்களைப் போல "மாஸ்டர்" என்பாள். வெளிக் கதவைத் தாண்டிய அடுத்த நொடி, "அப்பா, சாவி குடுங்க" என்பாள். அந்த மாற்றம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பலகையில் அவள் எப்போதும் தொண்ணூற்றைந்து எழுதுவாள். அது பொய்யில்லை. அவள் எழுதியதற்கு மேல்தான் கொடுத்தாள். நான் தொண்ணூறு எழுதிய நாட்களில் பாதி நாள் எழுபதுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் போட்டியில் அவளை நான்தான் முந்துவேன். கடைசி இருநூறு மீட்டரில் என் கால்கள் தாமாகவே வேகம் பிடிக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பெயரும் எங்கள் மைதானத்தில் இல்லை. கடிகாரம் தன் சுற்றை அதே அளவில் ஓடி முடிப்பாள்.

அவள் விரும்பியது ஒன்றே ஒன்று. அரசு விளையாட்டு விடுதியில் இடம். அங்கே சேர்ந்தால் படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில். அதற்கான தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நான்கு நிமிடம் ஐம்பது நொடிக்குள் ஓட வேண்டும், பதினெட்டு முடிவதற்குள் ஓட வேண்டும். அவளுக்கு இரண்டு தேர்வுகள் பாக்கி இருந்தன.

முதலாவதில் நானும் அவளும் ஒன்றாக ஓடினோம். நான் நான்கு நாற்பத்தேழு. அவள் நான்கு ஐம்பத்தேழு. எனக்கு இடம் கிடைத்தது, பள்ளியை முடித்துவிட்டு வந்து சேரச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தூங்குமூஞ்சி, அங்க போயாவது சீக்கிரம் எழுந்திரு," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வரும்வரை திரும்பவில்லை.

மறுநாள் பயிற்சி முடிந்து அவள் பலகையில் எழுதிவிட்டு வந்தாள். நான் காலணியைத் தேடிக்கொண்டு பம்ப் அறைக்குப் பின்னால் இருந்தேன். மாஸ்டர் உள்ளே போனது தெரிந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"இது என்ன, எழுபதுன்னு எழுதியிருக்க?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன் மாஸ்டர்."

"இன்னைக்கு நீ நல்லா ஓடின. நான் பாத்தேன்."

"நேத்து ஏழு நொடி பிந்திட்டேனே. அப்ப இத்தனை நாளா நான் தொண்ணூத்தஞ்சு குடுக்கலைன்னுதானே அர்த்தம்? ஏதோ கள்ளத்தனம் பண்ணியிருக்கேன். எனக்கே தெரியாம."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்கதானே சொல்வீங்க, உழைப்பு லேட்டா வந்தாலும் முடிவுல தெரியும்னு. தெரியலையே மாஸ்டர். அப்ப உழைப்பு இல்ல."

அவர் ஏதாவது சொல்வார் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். "சரி, போய்த் தண்ணி குடி," என்றார்.

அதன் பிறகு அவள் காலைப் பயிற்சிக்கு முன்னால் தனியாக ஓட ஆரம்பித்தாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். பள்ளிக்குப் பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு ஓடியே போனாள். பலகையில் எழுபதிலிருந்து எழுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று மெல்ல மெல்ல ஏற்றினாள். தண்டனைக் கைதி நாட்களைக் கழிப்பது போல இருந்தது பார்க்க.

மாஸ்டரின் வீடு டிப்போவுக்குப் பின்னால், இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின். மாஸ்டரின் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். வாய் நீளம், மனசும் அப்படித்தான். ஒருநாள் என் பாவாடைக்கு இடுப்பு பிடிக்கப் போயிருந்தேன். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் சாப்பிட்டு முடித்து எழுந்தவள், தரையில் கையை ஊன்றி, ஒரு காலை மட்டும் மடக்கி, கிழவி மாதிரி எழுந்தாள். அத்தை மெஷினை நிறுத்தினார்.

"என்னடி அது?"

"மரத்துப்போச்சும்மா."

அவள் உள்ளே போனதும் அத்தை கணவர் பக்கம் திரும்பினார். "அவ நடக்கிறது உங்க கண்ணுல படலையா?"

"பயிற்சி கூடியிருக்கு. அப்படித்தான் இருக்கும்."

"இடது காலை வைக்கும்போது மூஞ்சியைச் சுளிக்கிறா."

"கேட்டேன். இருக்குன்னு சொன்னா."

"என்ன இருக்கு?"

"தெம்பு."

அத்தை வாயில் இருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "டிப்போவுல டயருக்குக் காத்து பிடிக்கிறப்ப மீட்டரைப் பாத்துத்தானே பிடிக்கிறீங்க? இவ்வளவுக்கு மேல போனா வெடிக்கும்னு எழுதி ஒட்டியிருக்கீங்கல்ல? ஊரான் வண்டிக்கு அளவு உண்டு. பெத்த பிள்ளைக்கு இல்லை."

மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இடுப்பு அளவு எடுத்தாச்சுல்ல? கிளம்பு," என்றார்.

எனக்கு அதற்கு முன்பே தெரியும். இதை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு பம்ப் அறையில் அவள் தொடையின் மேல்பக்கம், இடுப்போடு சேர்த்து, கிழிந்த புடவைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம் தெரிந்தது.

"எங்க வலிக்குது?"

"உள்ள. எலும்புல. ஓட ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல மரத்துரும். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

"மாஸ்டர்கிட்ட சொல்லு."

"சொன்னா நிறுத்திருவாரு. எனக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான்டி இருக்கு." பிறகு சிரித்தாள். "உனக்கு என்ன, நீ தூங்கிக்கிட்டே ஓடிட்ட."

அந்தக் கடைசி வார்த்தைதான் என் வாயை அடைத்தது. அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருந்தது. நான் போய்ச் சொல்லி அவளுடைய கடைசி வாய்ப்பும் போனால், வேண்டுமென்றே செய்தேன் என்று நினைப்பாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

இரண்டாவது தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, விடுதிக்கான படிவத்தில் கையெழுத்து வாங்க டிப்போவுக்குப் போனேன். மாஸ்டர் டயர் அடுக்குக்கு நடுவில் ஒரு பழைய டியூப்பின் மேல் உட்கார்ந்து நீல நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடவில்லை.

"இங்க வா. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. இதைப் பாரு."

கடிகாரத்தின் பக்கம். தேதி, நேரம், தேதி, நேரம். நான்கு ஐம்பத்தாறு. நான்கு ஐம்பத்தேழு. நான்கு ஐம்பத்தாறு. இரண்டு பக்கம், இரண்டு வருடம். கடைசி மூன்று மாதத்தில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐந்து நிமிடம்.

"இதுக்கு மேல அவகிட்ட இல்லைம்மா," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. "ரெண்டு வருஷமாத் தெரியும். வேற பிள்ளைங்களா இருந்தா ஒருவேளை வேற போட்டிக்கு மாத்தியிருப்பேன். இவளை மட்டும் எப்படி..."

"அவகிட்ட சொல்லிருங்க மாஸ்டர்."

"என்னன்னு சொல்ல? அடியில ஒரு சொம்பு எப்பவும் இருக்கும்னு சொன்னவன் நானு. சின்னதுலேருந்து சொல்லியிருக்கேன். இப்பப் போயி, உனக்கு அவ்வளவுதான்னு சொன்னா..." நோட்டை மூடினார். "தேர்வு முடியட்டும். அவளே தெரிஞ்சுக்குவா."

நான் அப்போது காலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஒரு டிரைவர் வந்து, "இன்னும்! முன்சக்கரம் இன்னும் ஆகலையா?" என்று கத்தினார். மாஸ்டர் எழுந்து போய்விட்டார்.

தேர்வு காலை எட்டு மணிக்கு. அத்தை வரவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் கடைசித் திருப்பத்தில் நின்றார். அவள் நொண்டாமல் கோட்டுக்குப் போனாள். எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதல் சுற்று எழுபத்தாறு நொடி. கடிகாரம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அளவை மீறி ஓடினாள். இரண்டாவது எழுபத்தேழு. ஒரு கணம் எனக்கே ஆசை வந்துவிட்டது. இப்படியே போனால் ஐம்பதுக்குள் வந்துவிடுவாள் என்று விரல்விட்டு எண்ணினேன். மூன்றாவது சுற்றில் அவள் தோள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. முகத்தில் நிறமே இல்லை. கடைசித் திருப்பத்துக்கு வரும்போது மாஸ்டர் பழக்கப்படி கூடவே நாலு எட்டு ஓடினார். அவர் வாய் அசைந்தது. இவ்வளவு தூரத்தில் கேட்காது, ஆனால் அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். அவள் என்ன பதில் சொன்னாள் என்பதும் தெரியும். தலையை ஆட்டினாள்.

அடுத்த பத்து எட்டில் விழுந்தாள். தடுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். இவள் அப்படி விழவில்லை. கயிறு அறுந்தது போல, இடது பக்கம் அப்படியே சரிந்தாள். ஒரு சத்தம் போட்டாள். பிறகு முழங்கையால் தவழ்ந்து முன்னால் போகப் பார்த்தாள். மாஸ்டர் ஓடிப் போய் அவள் மேல் குனிந்து, தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "போதும்மா, போதும், போதும்," என்று அவர் கத்தியது வேலிவரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே தொடை எலும்பு முறிந்து விலகியிருந்தது. புதிதாக முறியவில்லை, மாதக்கணக்காக விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது என்றார் டாக்டர். பெண் டாக்டர், சின்ன வயசு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா வலி இருந்தது?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா? வீட்ல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"யாரும் கேக்கலை."

மாஸ்டர் கட்டிலின் கால்பக்கம் நின்றுகொண்டிருந்தார். "நான் தினமும் கேட்டேனேம்மா," என்றார்.

"நீங்க இன்னும் இருக்கான்னுதானே கேட்டீங்க மாஸ்டர். இருந்தது. அதான் இருக்குன்னு சொன்னேன்."

அது மைதானம் இல்லை. ஆனாலும் அவள் மாஸ்டர் என்றுதான் சொன்னாள். டாக்டர் குழம்பிப் போய், "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அத்தை, "இவ அப்பன்," என்றார்.

அன்று மத்தியானமே ஆபரேஷன் செய்து மூன்று திருகாணி வைத்தார்கள். எலும்பு கூடும், ஆனால் அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகலாம், ஓட்டத்தை மறந்துவிட வேண்டும் என்றார்கள்.

நான்கு நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது மாஸ்டர் நீல நோட்டைக் கொண்டு வந்திருந்தார். யார் சொல்லிக் கொண்டுவந்தார், அவராகவே தீர்மானித்தாரா, தெரியாது. அவள் மடியில் அதை விரித்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். முதல் பக்கம். இரண்டாவது பக்கம். திரும்ப முதல் பக்கம்.

"ரெண்டு வருஷமா இதேதானா?"

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான் எழுபதுன்னு எழுதினேனே."

"ம்."

"அது எழுபது இல்ல. அன்னைக்கும் நான் எல்லாத்தையும் குடுத்திருக்கேன். குடுத்தும் அவ்வளவுதான் வந்திருக்கு." அவள் குரல் மேலே போனது. "அஞ்சு மாசமா நான் என்னைத் திருடின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு நாளும். நீங்க உள்ள போயி அந்த நம்பரைப் படிச்சீங்க. படிச்சிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்க."

மாஸ்டர் தலையைத் தூக்கினார். "உனக்கு அந்த வேகம் இல்லைம்மா. உழைப்புல குறை இல்லை. எலும்பே விட்டுப்போற அளவுக்கு உழைச்ச. வேகம் இல்லை. அதுக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் அழுதாள். திருகாணி வைத்த இடம் அதிராமல் இருக்க வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுதபடியே தூங்கிவிட்டாள். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக மாத்திரை இல்லாமல் தூங்கினாள் என்று அத்தை என்னிடம் பிறகு சொன்னார். அப்போது அத்தை அவள் மடியிலிருந்து நோட்டை எடுத்து, மூடி, மாஸ்டரின் கையில் கொடுத்தார். "இதையும் கொண்டு போய் உங்க லாக்கர்லயே வைங்க," என்றார். அந்த வீட்டில் இன்றுவரை அவர்கள் இருவருக்கும் நடுவில் அதற்கு மேல் பேச்சு இல்லை. சோறு வைக்கிறார், சாப்பிடுகிறார்.

கடிகாரம் இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள், தபால் வழியில் படிக்கிறாள். அப்பாவோடு பேசுகிறாள், மாஸ்டர் என்றே கூப்பிட்டு.

மாஸ்டர் இரண்டு மாதம் மைதானத்துப் பக்கம் வரவில்லை. வர மாட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒருநாள் வந்தார். பம்ப் அறைக்குள் போய்ப் பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, குழாயடியில் வைத்துக் கழுவி, சுவரோடு திருப்பிச் சாய்த்துவிட்டார். "எண் வேண்டாம்," என்றார். "இனிமே நான் கேக்கிறதுக்குப் பதில் சொன்னா போதும்."

அவர் இப்போது கேட்பது வேறு கேள்வி. பயிற்சி முடிந்ததும் வரிசையாக நிற்கச் சொல்லி, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "எங்கேயாவது வலிக்குதா?" என்று கேட்கிறார்.

"வலிக்கலை மாஸ்டர்."

"உனக்கு?"

"வலிக்கலை மாஸ்டர்."

இருபத்திரண்டு பேர். எல்லோரும் ஒரே பதில், ஒரே குரல். வேன் டிரைவரின் மகளுடைய குதிகாலில் காலுறையைத் தாண்டி ரத்தம் ஊறியிருந்தது. அவளும் விறைத்து நின்று, "வலிக்கலை மாஸ்டர்," என்றாள். மாஸ்டர் அந்தக் காலுறையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "நிஜமாச் சொல்லும்மா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவள் இன்னும் நிமிர்ந்தாள். "இன்னும் நாலு சுத்துகூட ஓடுவேன் மாஸ்டர்." இது புதுவிதமான சோதனை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வலிக்கிறது என்று சொல்கிறவர்களைக் கழித்துவிடுவார் என்று அவர்களுக்குள் பேச்சு. அவர் காலில் விழாத குறையாகக் கேட்கிறார், அவர்களும் விடாமல் இல்லை என்கிறார்கள்.

அடுத்த மாதம் நான் விடுதிக்குப் போகிறேன். நேற்று சொல்லிவிட்டு வரப் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு மாஸ்டர் என்னோடு வெளிக் கதவுவரை நடந்து வந்தார். நின்றார்.

"உனக்கு எங்கேயாவது வலிக்குதா?"

மூன்று வாரமாக எனக்கு வலது முழங்காலில் படி இறங்கும்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது.

"இல்லை மாஸ்டர்," என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து, அந்தக் கறுத்த கட்டைவிரலால் என் முழங்காலைச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். டயரில் ஓட்டை தேடுகிறவர் போலவே. சரியாக அந்த இடத்துக்கு வந்ததும் அழுத்தி, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் முகத்தை அசைக்கவில்லை. அதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

"இங்கேயுமா இல்லை?"

"இல்லை மாஸ்டர்."

அவர் கையை எடுக்கவில்லை. குந்தினபடியே ரொம்ப நேரம் இருந்தார்.